தவறிய வேளையும் தொடரும் வேளையும்

 



ரமளான் மாதத்தில் ஒருவர் தக்க காரணமின்றி நண்பகலில் நோன்பை முறித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். "நோன்புதான் போய்விட்டதே, இனி மாலை வரை வயிறார உண்ணலாம்" என்று அவர் எண்ணலாமா? கூடாது. ஹனஃபி மத்ஹபானாலும் ஷாஃபிஈ மத்ஹபானாலும், அவர் மஃரிப் வரை உண்ணாமலும் பருகாமலும் இருந்தாக வேண்டும். பின்னர் அந்த நோன்பைக் களாச் செய்ய வேண்டும். கஃப்பாரா கடமையானால் அதையும் நிறைவேற்ற வேண்டும். நண்பகலில் நேர்ந்த பிழையால் பிற்பகலின் கண்ணியம் போய்விடுவதில்லை.

இது வணக்கத்தைப் பற்றிய சட்டம். அன்றாட உணவுக்கு இதை அப்படியே சட்டமாக்க முடியாது. ஆயினும் இதில் அடங்கிய ஞானம், இன்று நம் வீடுகளில் பலரைச் சோர்வடையச் செய்யும் ஒரு பிரச்சினைக்கு வழி காட்டுகிறது.

ஜோலார்பேட்டையில் ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் நம்மிடம் மனம்விட்டுப் பேசினார். ஷூ கம்பெனியில் நாளெல்லாம் உட்கார்ந்து தைப்பவர். சர்க்கரை நோய் தலைகாட்டியதால் எடையைக் குறைக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ குறைத்தார். பிறகு ஆம்பூரில் ஒரு நிகாஹ், வாணியம்பாடியில் ஒரு வலீமா. "ஹஜ்ரத், அந்த பிரியாணியோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கெட்டது கெட்டுவிட்டது, இனி என்ன என்று இரண்டு மாதம் விட்டுவிட்டேன். ஐந்து கிலோ திரும்பிவிட்டது. டாக்டர் முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருக்கிறது. ரமளான் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

அவர் தம் நோயைத் தாமே சரியாகச் சொல்லிவிட்டார். ஐந்து கிலோவைக் கூட்டியது ஒரு விருந்தல்ல; விருந்துக்குப் பின் வந்த அறுபது நாட்கள்.

கணக்குப் பாருங்கள். உடலில் ஒரு கிலோ கொழுப்புச் சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகையாக உண்ண வேண்டும். ஒரு விருந்தில் 1,000 கலோரி கூடுதலாக உண்டுவிட்டாலும் சேரும் கொழுப்பு சுமார் 130 கிராம்தான். மறுநாள் காலை எடை மெஷின் ஒரு கிலோ கூட்டிக் காட்டுகிறதே என்றால், அதில் பெரும்பகுதி உப்பும் மாவுச்சத்தும் உடலில் பிடித்துவைத்த நீரும், குடலில் இருக்கும் உணவும்தான். பழைய ஒழுங்குக்குத் திரும்பினால் சில நாட்களில் அது இறங்கிவிடும். இதை அறியாமல் மெஷினைப் பார்த்து மனமுடைவதுதான் ஷைத்தானுக்கு வாய்ப்பாகிறது. முதலில் "உண்" என்று அழைத்தவன் அவனே; உண்ட பின் "இனி உனக்கு மீட்சியில்லை" என்று காதில் ஓதுபவனும் அவனே. அல்லாஹ்வோ, வரம்பு மீறித் தமக்குத் தாமே தீங்கிழைத்துக்கொண்ட அடியார்களைக்கூடத் தன் ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று ஸூரத்துஜ் ஜுமரில் அழைக்கிறான்.

உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப் போட்ட பெண்ணை ஸூரத்துந் நஹ்ல் உவமையாகக் காட்டுகிறது. சத்தியத்தை முறிப்போருக்குச் சொன்ன உவமை அது. நமக்கும் அதில் படிப்பினை உண்டு. தோல் தைப்பவர் ஒரு தையல் விட்டுப்போனால் அந்தத் தையலை மீண்டும் போடுகிறாரே தவிர, ஷூ முழுவதையும் பிரித்துப் போடுகிறாரா?

அப்படியானால் எப்போது திரும்புவது? உறங்கியோ மறந்தோ தொழுகையைத் தவறவிட்டவர் நினைவு வந்ததும் தொழ வேண்டும், அதுவே அதற்குப் பரிகாரம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. தவறிய ஃபஜ்ரை அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஒத்திவைப்பார் உண்டா? அதுபோல, பகலில் மிகுதியாக உண்டவர் இரவு உணவிலேயே தம் அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். அடுத்த மாதத்திற்கோ ரமளானுக்கோ காத்திருக்கத் தேவையில்லை.

மறுநாள் முழுவதும் பட்டினி கிடந்து உடலைத் தண்டிப்பதும் முறையல்ல. தொழுகையில் சோர்வு வந்தால் பிடித்துக்கொள்வதற்காக அன்னை ஜைனப் (ரலி) அவர்கள் பள்ளியில் கட்டியிருந்த கயிற்றைப் பெருமானார் (ஸல்) அவர்கள் அவிழ்க்கச் சொன்னார்கள். தெம்புள்ள வரை தொழுதுவிட்டு, களைத்தால் அமர்ந்துகொள்ளப் பணித்தார்கள். வணக்கத்திலேயே இவ்வளவு நிதானம் என்றால், உணவைக் குறைப்பதில் மட்டும் மூர்க்கம் எதற்கு? பட்டினி கிடந்தவர் மாலையில் இருமடங்கு உண்பதை நாம் காணத்தானே செய்கிறோம்! குறைவாயினும் இடைவிடாது செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழியை இங்கே கடைப்பிடிப்போம். பள்ளிக்கு வண்டியை விட்டு நடந்து செல்வது, வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கைத் தண்ணீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விடுவது — இவை நாள்தோறும் செய்யக்கூடியவை.

எடை குறையவில்லையே என்று முயற்சியைக் கைவிடவும் வேண்டாம். சர்க்கரை நோய் வரும் நிலையிலிருந்த 531 பேரை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் மூன்றாண்டுகள் ஆராய்ந்தார்கள். 2006-ல் அதன் முடிவு வெளியாயிற்று. உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுக்கு நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்திருந்தது. அவர்களுடைய எடையோ பெரிதாகக் குறைந்திருக்கவில்லை! முள் நகராத நாளிலும் நடந்த நடை வீண்போவதில்லை.

விருந்துக்கு அழைத்தால் போக வேண்டும், அது சுன்னத். ஆனால் விருந்துக்குச் சென்றவர் விரும்பினால் உண்ணலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்ற நபிமொழியும் முஸ்லிமில் உண்டு. எனவே விருந்தளிப்போரே, "இன்னும் ஒரு கரண்டி" என்று வற்புறுத்தாதீர்கள். தாய்மார்களே, வீட்டில் ஒருவர் தவறி மீண்டு வரும்போது அவரைக் குத்திக்காட்டாதீர்கள். கீரையையும் காயையும் அவர் தட்டில் முதலில் வையுங்கள்.

திங்கள், வியாழன் நஃபில் நோன்பு நோற்க விரும்புவோர் அல்லாஹ்வுக்காகவே நிய்யத் வையுங்கள். உடல்நலம் அதனுடன் கிடைக்கும் அருள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்போர் டாக்டரைக் கேட்காமல் நோற்க வேண்டாம். டாக்டரிடம் செல்ல வெட்கப்படவும் வேண்டாம். கூடிய எடையை அப்படியே சொல்லுங்கள். நம் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு. அது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.

வல்ல நாயன், தவறும் வேளையில் நம்மைத் தாங்கி, அடுத்த வேளையிலேயே நேர்வழிக்குத் திரும்பும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.