தொண்டையில் எப்படி இறங்கும்?

நண்டுக் குழம்பு இயல்பிலேயே சமத்துவமான உணவு. அவரவர் ஓட்டை அவரவர்தான் கடித்து உடைக்க வேண்டும். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் முழங்கைவரை குழம்பு வழியும். தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சமத்துவம் செல்லுபடியாகவில்லை. (எங்கள் வீட்டில் மட்டும் என்றா சொன்னேன்?) அம்மா குழவியால் ஓட்டைத் தட்டிச் சதையை உருவி முதலில் அப்பா தட்டில் வைப்பாள், அடுத்து தம்பி தட்டில். எனக்கு ஒரு கொடுக்கு வரும். அவளுக்கு மிஞ்சுவது சின்னக் கால்கள். “எனக்குச் சூப்புறதுதான்டி பிடிக்கும்” என்பாள்.

அவள் பொய் சொல்லவில்லை. சிக்கலே அங்கேதான். கிடைக்காததை வேண்டாமலே பழகிக்கொள்ளும் மனதைப் பற்றித் தத்துவவாதிகள் எழுதியிருக்கிறார்கள். மார்த்தா நஸ்பாம் 2000இல் வெளியிட்ட ‘பெண்களும் மனித மேம்பாடும்’ நூலில், திருவனந்தபுரத்துச் செங்கல் சூளையில் பல ஆண்டுகள் கல் சுமந்த ஒரு பெண் வருகிறார். கூலி கூடுதலான வேலைகளுக்கு ஆண்களே உயர்த்தப்பட்டார்கள். அதை அவர் வழக்கம் என்றே எடுத்துக்கொண்டார். ஒருத்தி ‘எனக்கு இது போதும்’ என்று சொல்வதை அவளுடைய விருப்பம் என்று அப்படியே ஏற்கலாமா? அம்மாவின் நாக்கைச் சந்தேகிக்க எனக்கென்ன உரிமை? ஒருமுறையாவது முழு நண்டைத் தின்றுவிட்டு, கால்தான் பிடிக்கும் என்று அவள் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

நண்டு சாண்ட்விச்சில் ஓடே கிடையாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து லாப்ஸ்டர் ரோலும் அப்படித்தான். இரண்டுமே கைபடாத சதை. இன்னொருவர் ஏற்கெனவே உடைத்து முடித்திருக்கிறார் என்பதுதான் அதிலுள்ள ஆடம்பரம். சென்ற ஆண்டு அந்த ஆடம்பரத்தை எனக்கு நானே செய்துகொண்டேன், எனக்கு மட்டும்.

ஒரு கிலோ நீலக்கால் நண்டு. எங்கள் மார்க்கெட்டுக்கு அது ஐஸில்தான் வருகிறது. சிங்கி இறாலை மயக்கமுறச் செய்யாமல் உயிரோடு கொதிநீரில் போடுவதை ஸ்விட்சர்லாந்து 2018இல் தடைசெய்தது. அந்தச் சங்கடத்தை எனக்கு முன்பே யாரோ படகில் சுமந்துவிட்டார்கள். உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் அவித்து ஆறவிட வேண்டும். வயிற்று மடலைப் பிரித்து, மேலோட்டைக் கழற்றி, செவுளை நீக்கி, நடுவில் வெட்டினால் அறை அறையாகச் சதை இருக்கும். கரண்டிக் காம்பால் நெம்பி எடுக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கிடைத்தது ஏறக்குறைய கால் கிலோ. ஓட்டுச்சில் ஒன்றுகூடப் பல்லில் படக் கூடாது என்பதால் விரலால் இரண்டு முறை தடவிப் பார்க்க வேண்டும். வெண்ணெயில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், அடுப்பை அணைத்தபின் சதை, மிளகு, எலுமிச்சைச் சாறு, ஒரு கரண்டி மயோனைஸ். மசாலாத்தூளை எடுக்கவே எடுக்காதீர்கள், நண்டின் இனிப்பு செத்துவிடும். தடித்த ரொட்டியை வெண்ணெயில் இருபுறமும் சிவக்க விட்டு, உள்ளே அடைக்க இடமில்லாத அளவுக்கு அடைத்தேன்.

அன்று என்ன விசேஷம்? வீட்டுச் செலவுக்காக அடகு வைத்த என் வளையல்களை நான்கு ஆண்டு வட்டி கட்டி மீட்ட நாள். காலண்டரில் அதற்குச் சிவப்பு எழுத்து இல்லை. வீட்டில் மற்றவர்களுக்குச் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் வழக்கம்போல் இருந்தன. பதினான்கு வயது மகள் வாசனை பிடித்து வந்து, “எனக்கும்மா?” என்றாள். “இன்னிக்கு இது எனக்கு. ஞாயித்துக்கிழமை உனக்கு வாங்கலாம், நீயே உடை, சொல்லித் தர்றேன்” என்றேன். அவள் முறைத்துவிட்டுப் போனாள். இரவு போனில் இதைக் கேட்ட அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. “பிள்ளைக்குக் கொடுக்காம உனக்குத் தொண்டையில எப்படிடி இறங்குச்சு?”

அந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். பசித்த குழந்தைக்கு முன்னால் தனியாகத் தின்பது அறமில்லை. அதில் வாதமே கிடையாது. ஆனால் மகளுக்குப் பசியில்லை, ஆசை. என்னுடையதும் ஆசைதான். இரண்டு ஆசைகள் எதிரெதிரே நிற்கும்போது தாயின் ஆசை தானாகவே விலகிக்கொள்ள வேண்டும் என்பது எங்கே எழுதியிருக்கிறது? பகிர்தல் நல்ல குணம். மறுக்கவே முடியாத பகிர்வை என்னவென்று அழைப்பது? எனக்கு அது வரி வசூல் போலத்தான் தெரிகிறது. மகளுக்கும் கணவருக்கும் அதே ஒரு மணி நேரம் ஓடு உடைத்திருந்தால் அதற்குப் பாசம் என்று பெயர். எனக்காக உடைத்தால் ‘நாக்கு நீண்டவள்’. ருசி தேடிப் போகும் ஆணுக்கு நம்மிடம் ‘சாப்பாட்டு ரசிகர்’ என்ற பட்டம்தான் இருக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு, உரித்த சதையே வாங்கியிருக்கலாமே என்றாள் அலுவலகத் தோழி. வாங்கலாம். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் அவித்த நண்டிலிருந்து சதை பிரிப்பவர்கள் பெண்கள். அது டப்பாவில் அடைக்கப்பட்டுப் பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போகிறது. அந்த அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்து நண்டுக் கூடங்களில், மெக்சிகோவிலிருந்து பருவகால விசாவில் வரும் பெண்கள் இதே வேலையைச் செய்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கூலி தேவை; வாங்குவது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் சுதந்திரத்தைக் கொண்டாட இன்னொருத்தியின் விரல் கீறலை வாங்கிக்கொண்டு, அதையும் தள்ளுபடியில் தேடுவேன் என்றால், அப்பாவின் தட்டுக்கும் என் தட்டுக்கும் என்ன வித்தியாசம்? உரித்த சதைக்கு விலை அதிகம் என்று இப்போது என்னால் வாய்திறந்து சொல்ல முடிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் இரண்டு மணி நேரம் உடைத்தாள், பாதி நேரம் புலம்பலோடு. எனக்கு ஒரு வாய் கேட்டேன். “எவ்வளவு வேலைன்னு தெரியும்ல” என்று முழுவதையும் தின்றாள். எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

பொங்கலுக்கு அம்மா வந்திருந்தபோது அவளுக்கு ஒன்று செய்து வைத்தேன். இரண்டாக வெட்டி ஒரு பாதியைத் தின்றாள். “நல்லாத்தான் இருக்கு, சதை அப்படியே வாயில வருது” என்றாள். மறுபாதியை ஒரு தட்டால் மூடினாள். அது யாருக்கு என்று கேட்டேன். “இருக்கட்டும்” என்றாள். அன்று மாலைவரை அது அங்கேயே இருந்தது. மகள் ஒருமுறை தட்டைத் தூக்கிப் பார்த்து, “இது ஆச்சியோடது” என்று சொல்லி மூடிவிட்டுப் போனாள். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அடுக்களையில் விளக்கு எரிந்தது.