எவ்வளவு வலிமையோடு?

பின்லாந்தின் வடகோடியிலுள்ள உட்ஸ்யோக்கியில் நவம்பர் இறுதியில் மறையும் கதிரவன் ஜனவரி நடுவில்தான் மீண்டும் தலைகாட்டுகிறான். கோடையிலோ இரு திங்களுக்கு மேலாக மறைவதே இல்லை. அங்கு வாழும் சாமி மக்கள் ஆண்டை எட்டுப் பருவங்களாகப் பகுத்திருப்பது மிகையன்று. அந்நிலத்தில் மின்விசை பொருத்திய மிதிவண்டியில் செல்பவனை முன்னிறுத்தி ஒரு வினா எழுகிறது: பிற உயிர்கள் உறையும் இடத்துள் எவ்வளவு வலிமையோடு நுழைவது தகும்?

சட்டம் ஓர் அளவு கூறுகிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, 250 வாட்டுக்கு மேற்படாத மோட்டார், மிதிக்கும்போது மட்டும் துணைசெய்து, மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டுமுன் விலகிக்கொண்டால் அது மிதிவண்டியே. பின்லாந்தில் எவரும் பிறர் காட்டில் நடக்கலாம், மிதிவண்டி ஓட்டலாம். மோட்டார் வாகனத்தைச் சாலை நீங்கி ஓட்டவோ நிலவுடைமையாளரின் இசைவு வேண்டும். கால் ஓய்ந்தால் விசையும் ஓயவேண்டும் என்ற நிபந்தனை எனக்கு உவப்பானது. முழங்கால் தேய்ந்த முதியவருக்கும் காட்டைத் திறந்துவிடும் அவ்விசை, அவரை உழைப்பிலிருந்து முற்றிலும் விடுவிப்பதில்லை. குளிரும் தன் பங்குக்குக் கணக்குக் கேட்கிறது: லித்தியம் மின்கலம் கொள்ளளவில் ஒரு பகுதியை இழக்க, எஞ்சிய தொலைவைக் கால்களே கடக்கவேண்டும்.

ஆயினும் சட்டத்தின் அளவுகோல் வண்டியைத்தான் அளக்கிறது. துருவ மான் பனியைக் குளம்பால் தோண்டி, அடியிலுள்ள லைக்கனைத் தின்று குளிர்காலத்தைக் கடக்கிறது. அஞ்சி ஓடும் ஒவ்வோர் ஓட்டமும் அதன் சேமிப்பில் செலவு. மே மாதத்தில் தாய் மிரண்டு ஓடினாலோ புதுக்கன்று தனித்துவிடக்கூடும். ஓசையற்ற வண்டி நல்லதென்போம். ஆனால் ஓசையின்றி வருவது அருகில் வந்தபின்னரே திடுக்கிடச் செய்யும். நடந்து சென்றால் ஒரு பள்ளத்தாக்கை எட்டுபவன் விசைத்துணையால் மூன்றை எட்டுகிறான். மூன்றிலும் மான்கள் தலைதூக்கும். கன்று ஈனும் பருவத்தில் சாலையோடு நின்றுவிடுகிறவனை நான் மதிக்கிறேன். அவனது மின்கலத்தில் பாதி மிச்சமிருக்கலாம்.