பறிக்காமல் படைத்தல்

இறைவனுக்கு மிகச் சிறந்ததையே படைக்க வேண்டும் என்று பக்தனின் உள்ளம் விரும்புகிறது. அந்தச் சிறந்த பொருள் அரிதானதாகவும் இருந்தால் அதைப் பறிப்பது முறையா? இமயமலையின் பிரம்ம கமலம் இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

பிரம்ம கமலம் என்றதும், வீடுகளில் இரவில் மலர்ந்து விடியலில் வாடும் வெண்மலரே பலருக்கு நினைவுக்கு வரும். அது கள்ளி வகையைச் சேர்ந்தது. உத்தராகண்டின் மாநில மலரான இமயத்துப் பிரம்ம கமலமோ சாமந்தி, சூரியகாந்தி ஆகியவற்றின் குடும்பத்தில் பிறந்தது. ஏறத்தாழ 3,700 மீட்டருக்கு மேல், மரங்களும் வளராத உயரத்தில், பாறைச் சரிவுகளில் அது வாழ்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அங்கே பனி மூடியிருக்கும். எஞ்சிய சில மாதங்களுக்குள் அது தளிர்த்து, மலர்ந்து, விதை முதிர வேண்டும். இதழ்கள்போல் தோன்றும் அதன் வெளிர்மஞ்சள் உறைகள் உண்மையில் இதழ்கள் அல்ல. உள்ளே நெருங்கியிருக்கும் ஊதாநிறச் சிறு பூக்களைக் குளிரிலிருந்து காக்கும் போர்வைகள்.

கேதார்நாத் போன்ற தலங்களில் இம்மலர் வழிபாட்டிற்குப் படைக்கப்படுகிறது. விதை முதிருமுன் பறித்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கான வித்து மண்ணைச் சேர்வதில்லை. மலைவாழ் மக்கள் இதை அறிந்திருந்தனர் போலும். நந்தாஷ்டமிக்கு முன் உயர்மலைப் பூக்களைப் பறிக்கலாகாது என்பது அவர்களது மரபு. பக்தியே அங்கு வேலியாக நின்றது.

இதன் உறவினமான ஒரு பனித்தாமரை கிழக்கு இமயத்தில் மருந்துக்காகப் பறிக்கப்படுகிறது. அது தன் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே மலரும். 2005-ல் வெளியான ஆய்வொன்று, நூறாண்டுகளில் அச்செடியின் உயரமே குறைந்துவிட்டதைக் காட்டியது. உயர்ந்த செடிகளையே மனிதர் தேடிப் பறித்தனர். குட்டையானவை தப்பி விதையிட்டன. சிறந்ததை மட்டுமே எடுத்துவந்ததால், சிறப்பே அவ்வினத்தைவிட்டு விலகத் தொடங்கியது!

அப்படியானால் அர்ப்பணிப்பு என்பது எது? நம்முடையதைக் கொடுப்பதே அர்ப்பணிப்பு. மலைச்சரிவில் மலர்ந்த பூ நம்முடையது அன்று. அது ஏற்கெனவே இறைவனின் சந்நிதியில்தான் இருக்கிறது. அதைப் பறிக்கும்போது அவனுக்கு நாம் புதிதாக எதையும் தருவதில்லை. பறிக்க வேண்டும் என்று எழுந்த ஆசையை அடக்கினால், அந்த அடக்கம் மட்டும் நம்முடையது. இலையோ பூவோ நீரோ, எளியது எதுவாயினும் அன்போடு தந்தால் ஏற்பதாகக் கீதையில் பகவான் கூறுகிறார். அரிதானது வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

மலையேறும் அன்பர்கள் அம்மலர்முன் சற்று நின்று, கைகூப்பி, அதை அங்கேயே விட்டு வரலாம். அதுவும் பூசையே.