கட்சி விட்டுச்சென்ற நாற்காலியில் யார்?

1943-ம் ஆண்டு. பிரான்ஸ் ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்தது. லண்டனில் டி கோல் தலைமையில் இயங்கிய சுதந்திர பிரான்ஸ் அமைப்பில் பணியாற்றிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல், போருக்குப் பின் தன் நாடு எப்படி எழ வேண்டும் என்று இடைவிடாமல் எழுதிக்கொண்டிருந்தார். அவற்றில் ஒரு சிறு கட்டுரை, அரசியல் கட்சிகள் அனைத்தையும் அடியோடு கலைத்துவிட வேண்டும் என்று வாதிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், 34 வயதில், அவர் இறந்துபோனார். கட்டுரை 1950-ல்தான் அச்சேறியது.

வெய்லின் வாதம் எளிமையானது. ஒருவர் கட்சியில் சேரும்போதே, “எந்தப் பிரச்சினை வந்தாலும் எது நியாயம் என்று மட்டுமே பார்ப்பேன், கட்சி என்ன சொல்கிறது என்று பார்க்க மாட்டேன்” என அறிவித்துவிடட்டும். அந்தக் கட்சி அவரை வைத்துக்கொள்ளுமா? வைத்துக்கொள்ளாது என்றால், உறுப்பினர் அட்டைக்கு அவர் கொடுக்கும் விலை மனச்சாட்சி. உண்மையைத் தேடுவதை வழிபாட்டுக்கு நிகராகக் கருதிய வெய்லால் அந்த விலையை ஏற்க முடியவில்லை.

நாடாளுமன்றத்தைவிட நகரமன்றத்தில்தான் இந்தக் கேள்வி நம் வாசலுக்கு வந்து நிற்கிறது. வெளியுறவுக் கொள்கையில் கட்சிக்கென்று ஒரு கோட்பாடு இருக்கலாம். தெருவிளக்குக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் என்ன கோட்பாடு? அடுத்த தெருவில் குடியிருக்கும் ஒருவரை, ஊரை அறிந்த ஒருவரை, அவருடைய குணம் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதாதா? பல நாடுகளில் நல்ல மனிதர்கள் இப்படித்தான் யோசித்தார்கள். சில இடங்களில் அந்த யோசனை சட்டமாகவும் ஆனது.

அமெரிக்காவில் அதற்கு வலுவான காரணம் இருந்தது. 19-ம் நூற்றாண்டின் பெருநகரங்களைக் கட்சி இயந்திரங்கள் ஆண்டன. நியூயார்க்கின் டாமனி ஹால் அவற்றில் பேர்போனது. வேலை, ஒப்பந்தம், காவல்துறையின் தயவு எல்லாமே கட்சிக்காரர் வழியாகத்தான் வந்தன. 1894-ல் தேசிய நகராட்சிக் கழகம் உருவானது. சீர்திருத்தவாதிகள் வாக்குச்சீட்டிலிருந்து கட்சிப் பெயரை எடுக்கச் சொன்னார்கள். வார்டுகளை ஒழித்து, ஊர் முழுவதும் சேர்ந்து எல்லா உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அன்றாட நிர்வாகத்தைப் பயிற்சி பெற்ற ஒரு மேலாளரிடம் விடச் சொன்னார்கள். இன்றும் அமெரிக்க நகரங்களில் பெரும்பாலானவை கட்சிப் பெயர் இல்லாமல்தான் தேர்தல் நடத்துகின்றன.

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரம் இந்தக் கனவை ஏறத்தாழ முழுமையாக நிறைவேற்றிப் பார்த்தது. 1951-ல் புதிய நகர சாசனம். கட்சி கிடையாது, வார்டு கிடையாது, ஊருக்கு ஒரு மேலாளர் உண்டு. 1954-ல் வணிகப் பிரமுகர்கள் கூடி நல்லாட்சிக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அது கட்சி அல்ல என்றார்கள். தேர்தல்தோறும் ஒரு வேட்பாளர் அணியை, நம் ஊர்ச் சங்கத் தேர்தல்களில் வருகிற பேனல் போல, அது களமிறக்கியது. அந்தப் பட்டியலை ஒரு சிறு குழு கதவடைத்த அறையில் தயாரித்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் நகரமன்ற இடங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த அணிக்கே போயின. ஊரில் ஏறத்தாழப் பாதிப்பேர் மெக்சிக வம்சாவளியினர். பட்டியலிலும் அவர்களில் சிலருக்கு இடம் இருந்தது. ஆனால் அந்தச் சிலரையும் பொறுக்கி எடுத்தது ஊரின் வடபகுதியில் வாழ்ந்த வசதி படைத்தவர்கள்தாம்.

கழிவுநீர்க் குழாய்க்குக் கோட்பாடு இல்லை என்ற நம்பிக்கை இங்கேதான் உடைந்தது. மெக்சிக வம்சாவளியினர் வாழ்ந்த மேற்குப் பகுதியில் மழை பெய்தால் வீட்டுக்குள் வெள்ளம் வரும். அங்கே வடிகால் அமைக்கும் திட்டங்கள் பல பத்தாண்டுகளாகக் காகிதத்திலேயே கிடந்தன. குழாய்க்குக் கட்சி இல்லைதான். எந்தத் தெருவுக்கு முதலில் குழாய் என்பதற்கோ நிச்சயமாகப் பக்கம் உண்டு. 1974-ல் கத்தோலிக்கப் பங்குகளை அடித்தளமாகக் கொண்டு காப்ஸ் என்ற மக்கள் அமைப்பு எழுந்தது. அருட்தந்தையரும் இல்லத்தரசிகளும் நகரமன்றத்துக்குத் திரண்டு போய், வடிகால் எங்கே என்று கேட்டார்கள். அமெரிக்க நீதித்துறை அமைச்சகமும் வாக்குரிமைச் சட்டத்தைக் காட்டி, வார்டு இல்லாத அந்தத் தேர்தல் முறையோடு நகரின் எல்லை விரிவாக்கப்பட்டதை ஆட்சேபித்தது. 1977-ல் மக்கள் வாக்களித்துப் பத்து வார்டுகளைக் கொண்டுவந்தார்கள். அடுத்து அமைந்த நகரமன்றத்தில் மெக்சிக, ஆப்பிரிக்க வம்சாவளி உறுப்பினர்களே பெரும்பான்மை. 1981-ல் ஹென்றி சிஸ்னெரோஸ் மேயரானார். 1840-களுக்குப் பின் அந்த ஊரில் மெக்சிக வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் மேயரானது அதுவே முதல் முறை.

அந்த இருபது ஆண்டுகளில் யாரைக் கோபித்துக்கொள்வது என்று மேற்குப் பகுதி வாக்காளருக்குத் தெரியவில்லை. வாக்குச்சீட்டில் தனித்தனிப் பெயர்கள் மட்டுமே இருந்தன. கட்சி இருந்திருந்தால் அதன் பெயரைச் சொல்லித் தண்டித்திருக்கலாம்.

தமிழ்நாட்டுக்கும் இந்தப் பாடம் தெரியும். இங்கே மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சித் தேர்தல்கள் கட்சிச் சின்னத்தில் நடக்கின்றன. ஊராட்சித் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தல்களில் மட்டும் கட்சிச் சின்னம் கிடையாது. கிராமம் ஒரு குடும்பம், அதைக் கட்சி பிரிக்கக் கூடாது என்பது அதன் பின்னுள்ள எண்ணம். 1996-ல் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் பத்தாண்டுகள் அங்கே முறையான தலைவர் எவரும் பதவியில் நீடிக்க முடியவில்லை. 2006-ல்தான் அது மாறியது. அதே மாவட்டத்தின் மேலவளவில், தேர்தலில் நின்று வென்ற தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று தன் தோழர்களுடன் வெட்டிக் கொல்லப்பட்டார். இந்தக் கொடுமைகளுக்குச் சின்னம் இல்லாததுதான் காரணம் என்று சொல்ல முடியாது. சாதி அதைவிடப் பழையது. ஆனால் கட்சியை வெளியே நிறுத்திவிட்டால் ஊர் ஒரே குடும்பமாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்த ஊர்கள் பதில் சொல்லிவிட்டன. கட்சி விட்டுச்சென்ற நாற்காலி காலியாக இருப்பதில்லை. சான் அன்டோனியோவில் அதில் பணம் அமர்ந்தது. மதுரை மாவட்டத்தின் அந்த ஊர்களில் சாதி அமர்ந்தது.

அப்படியென்றால் வெய்ல் தோற்றுவிட்டாரா? அவ்வளவு சுலபமாக முடிவு கட்டிவிட முடியாது. அதே வேதனை இந்தியாவின் நேர்மையான மனிதர்கள் பலரையும் உலுக்கியிருக்கிறது. எம்.என்.ராய் 1948-ல் தாமே தொடங்கிய கட்சியைக் கலைத்தார். ஜெயப்பிரகாஷ் நாராயண் 1950-களில் கட்சி அரசியலிலிருந்து விலகி, கிராமத்திலிருந்து மேலெழும் கட்சியற்ற மக்களாட்சியைப் பற்றி எழுதினார். அவரேதான் 1977-ல், நெருக்கடி நிலையை எதிர்கொள்ள, சிதறிக்கிடந்தவர்களைத் திரட்டி ஜனதா கட்சி பிறக்கத் துணை நின்றார். அதைக் கொள்கைத் தடுமாற்றம் என்று குறைசொல்வது அநியாயம். அதிகாரம் ஓரிடத்தில் குவிந்துவிட்டபோது, தனித்தனி மனச்சாட்சிகளால் அதை அசைக்க முடியாது என்று அவர் கண்டுகொண்டார்.

இரண்டு உண்மைகளையும் ஒரே வாழ்வில் சுமந்தவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றவாதி எட்மண்ட் பர்க். பொதுநலனுக்காக ஒரு கொள்கையில் ஒன்றுபட்டவர்களின் கூட்டமே கட்சி என்று 1770-ல் அதற்குக் கண்ணியம் தேடித் தந்தவர் அவர். 1774-ல் பிரிஸ்டல் நகர வாக்காளர்களின் முன் நின்று, பிரதிநிதி தன் சொந்தத் தீர்ப்பை எவருக்கும் அடகு வைக்கக் கூடாது என்று பேசியவரும் அவர்தான். அயர்லாந்து வணிகம், கத்தோலிக்கர் உரிமை ஆகியவற்றில் ஊராரின் விருப்பத்துக்கு எதிராக நின்றதால் 1780-ல் அந்தத் தொகுதியையே இழந்தார். கூட்டாக நிற்பதும் தனியாகத் தீர்ப்பளிப்பதும் ஒருவரிடமே இருக்க முடியும். எதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

இரண்டுக்கும் இடையிலான எல்லை மங்கினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2022-ல் பார்த்தது. பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மேயர், தலைவர், துணைத் தலைவர் பதவிகளுக்கு மறைமுகத் தேர்தல் என்பதால், மார்ச் 4 அன்று கவுன்சிலர்களே அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். திமுக தலைமை சில பதவிகளைக் கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கியிருந்தது. பல ஊர்களில் அந்தப் பதவிகளுக்குத் திமுக கவுன்சிலர்களே போட்டியிட்டு வென்றார்கள். அவர்கள் பதவி விலக வேண்டும் என்று முதல்வர் ஸ்டாலின் அன்றே அறிக்கை விட்டார். கூட்டணிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதும் ஓர் அறம்தான் என்பதால் அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் வார்டில் வாக்களித்தவருக்கு, தன் ஊரின் தலைமை யாருக்கு ஒதுக்கப்படும் என்பது வாக்களிக்கும்போது தெரியாது. தலைவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கு ஒன்று, கவுன்சிலர் தெருவுக்குக் கொடுத்த வாக்கு இன்னொன்று. இரண்டும் மோதும்போது எது மேல் என்று சொல்ல, முன்கூட்டி வெளிப்படையாக எழுதப்பட்ட விதி வேண்டும்.

விதி செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, கூட்டாக நிற்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் 2024-ல் சட்டம் திருத்தி, கால்கரி, எட்மண்டன் நகரத் தேர்தல்களில் உள்ளூர்க் கட்சிகளின் பெயரை வாக்குச்சீட்டில் அச்சிட அனுமதித்தது. நகரமன்றத்தில் கட்சி எதற்கு என்று இரு நகரங்களிலும் பலர் கொதித்தார்கள். 2025 அக்டோபரில் வாக்குப்பதிவு நடந்தது. இரு நகரங்களிலும் மேயராக வென்றவர்கள் கட்சி சாராத வேட்பாளர்கள். கட்சிப் பெயரை அச்சிடுவதாலேயே வாக்காளர் அதற்குக் கட்டுப்பட்டுவிட மாட்டார் என்பதை இது காட்டுகிறது. யார் யாரோடு நிற்கிறார்கள், யாருடைய பணத்தில் நிற்கிறார்கள் என்பது தெரிந்தால், வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வழி பிறக்கிறது.

இரண்டாவது, கட்சிக் கொறடாவின் கை எட்டும் தூரத்தை அளந்து வைப்பது. இதற்கு அருகிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. அரசமைப்பின் பத்தாவது அட்டவணையில் உள்ள கட்சித்தாவல் தடை, நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் மட்டுமே உரியது. கேரளம் உள்ளாட்சிகளுக்கென்று 1999-ல் தனிச் சட்டம் செய்தது. அதன்படி கட்சி எழுத்துவடிவில் பிறப்பிக்கும் உத்தரவு, தலைவர், துணைத் தலைவர், நிலைக்குழு போன்ற தேர்தல்களிலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும்தான் உறுப்பினரைக் கட்டுப்படுத்தும். மீறினால் பதவி போகும். ஆனால் ஒரு குப்பைக் கிடங்கை எங்கே வைப்பது, ஒரு குளத்தை மூடலாமா என்ற தீர்மானங்களில் கட்சிக்கு எதிராக வாக்களித்தார் என்பதற்காக மட்டும் அந்தச் சட்டம் அவரை வெளியேற்றாது. யார் ஆள்வது என்பதில் வாக்காளருக்குக் கொடுத்த கூட்டு வாக்குறுதி காக்கப்படுகிறது. ஆட்சியில் என்ன செய்வது என்பதில், சட்டத்தின் கண்ணில், மனச்சாட்சிக்கு இடம் விடப்படுகிறது. வெய்ல் கேட்டது முழுவதும் இதில் இல்லை. அவர் அஞ்சியது முழுவதும் நடந்துவிடாமல் இருக்க ஒரு வேலி இருக்கிறது.

நிதிநிலை அறிக்கையில்தான் இந்த வேலி ஆட்டம் காணும். அது தோற்றால் நிர்வாகமே முடங்கும். அதனால் ஆளும் அணி அதை நம்பிக்கை வாக்கைப் போலவே நடத்தப் பார்க்கும். அதே அறிக்கைக்குள்தான் எந்தத் தெருவுக்கு வடிகால், எந்தத் தெருவுக்கு வாக்குறுதி மட்டும் என்பதும் இருக்கிறது. அறிக்கையை மொத்தமாக நிறைவேற்றும் வாக்கில் கட்சிக் கட்டுப்பாட்டை ஏற்கலாம். ஒவ்வொரு பணியையும் எடுத்து விவாதிக்கும்போது கவுன்சிலர் தன் கருத்தைச் சொல்லவும், தனியே வாக்களிக்கவும், காரணத்தை மன்றக் குறிப்பேட்டில் தன் பெயரோடு பதியவும் உரிமை வேண்டும். அந்தக் குறிப்பேடு அவருடைய வார்டு மக்கள் படிக்கக் கிடைக்க வேண்டும். அடுத்த தேர்தலில் சின்னத்தை மட்டும் பார்த்து வாக்களிப்பதா, இந்த மனிதர் நமக்காகப் பேசினாரா என்றும் பார்ப்பதா என்று அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.