போர்க் கடிகாரம் யாருக்குச் சொந்தம்?

பழம்பொருள் சேர்ப்போருள் ஒரு சாரார், போர்க்காலத்தில் படைவீரர்கள் அணிந்திருந்த கைக்கடிகாரங்களைத் தேடித் தேடி வாங்குகின்றனர். அழகான பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இதனுள் ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. பிறருடைய துன்பத்தின் சுவட்டை விலைகொடுத்து வாங்கி மகிழ்வது முறையாகுமா?

ஒரு காலத்தில் கைக்கடிகாரம் பெண்களின் அணிகலனாகவே கருதப்பட்டது. ஆண்கள் சட்டைப்பையில் கடிகாரம் வைத்திருந்தனர். 1914-1918 போரின் பதுங்குகுழிகளில், குறித்த நொடியில் தாக்குதல் தொடங்கவேண்டிய நிலையில், பையைத் துழாவ அவகாசம் இல்லை. கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியது. நம் அன்றாடப் பழக்கம் ஒன்று போரில் வேரூன்றியது இவ்வாறுதான்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டானிய அரசுக்காக ஒமேகா, லாஞ்சின்ஸ், சைமா உள்ளிட்ட 12 நிறுவனங்கள் ஒரே இலக்கணத்தில் கடிகாரங்கள் செய்தளித்தன. அந்தப் பன்னிரண்டையும் சேர்த்துவிடுவதே இன்று பலரின் கனவு. நம் நாட்டிலும், பம்பாயிலும் கல்கத்தாவிலும் வணிகம் செய்த வெஸ்ட் எண்ட் நிறுவனத்தின் 'சோவார்' கடிகாரம், குதிரைவீரன் என்னும் அப்பெயராலேயே படையினரிடையே புகழ்பெற்றது.

சேகரிப்போர் செய்யும் நன்மையை மறுப்பதற்கில்லை. அவர்கள் இல்லையெனில் இவற்றுள் பல பழைய இரும்போடு உருகிப் போயிருக்கும். ஆனால் சந்தையைச் சற்று உற்றுநோக்குங்கள். கடிகாரம் களம் கண்டது என்றால் விலை ஏறுகிறது. அணிந்தவர் மாண்டார் என்றால் மேலும் ஏறுகிறது. அந்தப் பன்னிரண்டு வகைகளில் மிகப் பல, போர் முடிவுற்ற 1945-இல்தான் வழங்கப்பட்டன என்பதை எவரும் விரும்பிக் கேட்பதில்லை. அப்படியானால் நாம் வாங்குவது கடிகாரத்தையா, இரத்தம் தோய்ந்த கதையையா?

திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, புனிதர்களின் திருப்பண்டங்களை விற்பதை முற்றாகத் தடைசெய்கிறது (எண் 1190). அவற்றைக் காக்கலாம், வணங்கலாம், விலை பேசலாகாது. ஒருவர் தம் வாழ்வாலும் சாவாலும் ஈந்ததை நாணயத்தால் அளக்க இயலாது என்பதே இதன் உட்கருத்து எனக் கொள்ளலாம். படைவீரர் எல்லாரும் புனிதர் அல்லர். கடிகாரம் திருப்பண்டமும் அன்று. எனினும் அந்த நெறி இங்கும் வழிகாட்டுகிறது. உலோகத்துக்கு விலை உண்டு, தொழில்திறனுக்கு விலை உண்டு. துயரத்துக்கு விலை இல்லை.

அக்கடிகாரங்களின் முட்களில் இருளில் ஒளிர்வதற்கென ரேடியம் கலந்த பூச்சு பூசினர். ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். ஆனால் அதனோடு கலந்த ஒளிரும் பொருளோ சில பத்தாண்டுகளிலேயே நலிந்துவிட்டது. ஒளி போயிற்று, நஞ்சு இருக்கிறது. போரும் அத்தகையதே. வெற்றியின் பெருமிதம் ஒரு தலைமுறையில் மங்குகிறது. இழப்போ வீடுகளில் தங்கிவிடுகிறது.

ஐயப்பன்தாங்கலிலிருந்து பரங்கிமலை செல்லும் அதே சாலையில், நந்தம்பாக்கத்தில், போர்வீரர் கல்லறைத் தோட்டம் உள்ளது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மாண்ட 856 பேர் அங்குத் துயில்கின்றனர். முதல் உலகப் போர்க்காலத்தில் மாண்டு, கல்லறைகள் பேணப்பட இயலாமற்போன ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் நினைவுச்சின்னமும் அங்கேயே நிற்கிறது. நினைவைப் போற்ற விழைவோர்க்கு அங்கு ஒரு காசும் தேவையில்லை.

ஆகவே கடிகாரம் சேர்ப்பது பாவம் என்று கூறவில்லை. கைவினைக்காக வாங்குங்கள், கதைக்காகக் கூடுதல் விலை கொடுக்க மறுத்துவிடுங்கள். பின்மூடியில் ஒரு வீரனின் பெயர் பொறித்திருந்தால், அவன் குடும்பத்தைத் தேடிப் பாருங்கள். கேட்டால் திருப்பிக் கொடுக்க அணியமாயிருங்கள். அக்கடிகாரங்களின் முகப்பிலும் முதுகிலும் ஓர் அம்புக்குறி இருக்கும். அரசின் உடைமை என்பது அதன் பொருள். அணிந்த வீரனுக்கே அது சொந்தமாயிருந்ததில்லை. இன்று வைத்திருப்போரும் சிறிது காலம் காப்பவரே.