ஒரு கழித்தல், ஒரு கூட்டல்

இரவு இரண்டரை மணி. சர்வரில் ஒரு மென்பொருளை நிறுவிக்கொண்டிருந்தேன். விடிவதற்குள் முடிய வேண்டிய வேலை. ஆவணத்தில் போட்டிருந்த கட்டளையை அப்படியே நகலெடுத்து ஒட்டினேன். அப்படி ஒரு ஆப்ஷனே கிடையாது என்றது. மறுபடி ஒட்டினேன், அதே பதில். பதிப்பு எண்ணைச் சரிபார்த்தேன். மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். டீ குடித்தேன். மூன்றரை மணிக்கு அலுத்துப்போய், ஒட்டுவதை விட்டுவிட்டுக் கட்டளையைக் கையால் தட்டினேன். ஓடியது.

கோளாறு ஒரு கோட்டில் இருந்தது. ஆப்ஷனுக்கு முன்னால் இரண்டு சின்னக் கோடுகள் வர வேண்டும். எழுதியவர் ஏதோ வேர்ட் பிராசசரில் எழுதியிருப்பார் போல. அது அழகுபடுத்துகிறேன் பேர்வழி என்று இரண்டையும் சேர்த்து ஒரே நீளக் கோடாக்கிவிட்டது. தூக்கக் கலக்கத்தில் இருந்த என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு அது வேறு எழுத்து. நேராக நிற்க வேண்டிய மேற்கோள் குறி வளைந்துபோவதும் இதே ரகம்.

கோபம் ஆறுவதற்குள் திருத்தம் அனுப்ப உட்கார்ந்தேன். திறந்தமூல உலகத்துக்கு நான் செய்த முதல் பங்களிப்பு இதுதான்: ஒரு கோட்டை எடுத்துவிட்டு இரண்டு கோடு போட்டது. இந்தத் திருத்தங்களெல்லாம் பெரும்பாலும் கிட் வழியாகத்தான் போகும். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதிய கருவி அது. திருத்தத்தைத் திரையில் பார்த்தால், பழைய வரி கழித்தல் குறியோடு சிவப்பில் இருக்கும். அதன் கீழே புதிய வரி கூட்டல் குறியோடு பச்சையில். கூடவே என்ன செய்தோம் என்று ஒரு வரி. எழுதியவன் யார், அன்றைக்கு அவன் புத்தி எங்கே போயிருந்தது என்பதற்கெல்லாம் அதில் இடம் இல்லை. நான் ஆத்திரத்தில் எழுதி வைத்திருந்த நாலு வரி அங்கே பொருந்தவே இல்லை. அழித்துவிட்டு, 'கட்டளையில் கோட்டைச் சரிசெய்தேன்' என்று மட்டும் போட்டேன். மூன்றாம் நாள் ஏற்றுக்கொண்டார்கள். நன்றி என்று ஒரு சொல்லும் வந்தது.

எழுதியவன் யார் என்று தெரிய வேண்டியவர்களுக்குக் கிட்டிலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எந்த வரியை யார், எப்போது எழுதினார் என்று காட்டும் கட்டளைக்குப் பெயர் 'பிளேம்'. பழி என்று அர்த்தம். அதற்கு முன்னால் பரவலாக இருந்த சப்வெர்ஷனிலும் இதே கட்டளை உண்டு. அங்கே 'பிளேம்' என்று தட்டாமல் 'பிரெய்ஸ்' என்று தட்டலாம். பழிக்குப் பதில் பாராட்டு. திரையில் வரும் பட்டியல் என்னவோ ஒன்றேதான்.

அதற்குப் பிறகு இது ஒரு பழக்கமாகிவிட்டது. படிக்கிற ஆவணத்தில் கண்ணில் பட்டதைத் திருத்தி அனுப்பிவிடுவேன். எழுத்துப் பிழைகளைப் பிடிக்க இப்போது நிரல்கள் வந்துவிட்டன. லினக்ஸ் கெர்னலிலேயே 'ஸ்பெல்லிங்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. இடப்பக்கம் வழக்கமான தவறு, வலப்பக்கம் சரியான சொல். 'ரிசீவ்' என்பதில் ஐ, இ இடம் மாறுவது முதல், உலகத்து விரல்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்களெல்லாம் அதில் வரிசையாக உண்டு. ஆனால் 'நாட்' என்று தட்டவேண்டிய இடத்தில் கடைசி எழுத்து மாறி 'நவ்' என்று விழுந்துவிட்டால் எந்த நிரலும் முணுமுணுக்காது, ஏனென்றால் அதுவும் நல்ல ஆங்கிலச் சொல்தானே. 'இந்த அமைப்பை மாற்றக்கூடாது' என்று இருக்கவேண்டியது 'இப்போது மாற்றவேண்டும்' என்று நிற்கும். அப்படி ஒன்றை ஒருமுறை பிடித்தேன். அந்தப் பக்கத்தை எழுதியவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. விஷயம் தெரிந்தவர் தன் மனத்தில் இருப்பதைத்தான் படிக்கிறார். முதல் தடவையாக வந்து, எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு வரியையும் நம்பிச் செய்து பார்க்கிறவன்தான் தடுக்கி விழுகிறான்.

இதை ஏதோ தொண்டு மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தவனை என் அக்கா பையன் இறக்கிவிட்டான். 2020 அக்டோபர். ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்று ஒரு திறந்தமூலத் திருவிழா வருடாவருடம் நடக்கும். அந்த வருஷம் நாலு திருத்தம் அனுப்பினால் டீசர்ட். "மாமா, ஏற்கெனவே மூணு அனுப்பிட்டேன்" என்றான். பார்த்தேன். ஒரு திட்டத்தின் முகப்புக் கோப்பில் 'அருமையான' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தான், அவ்வளவுதான். அந்த மாதம் உலகம் முழுக்க இப்படி வந்து குவிந்ததில், சம்பளமில்லாமல் திட்டங்களைப் பராமரிக்கிறவர்கள் கொதித்துப்போனார்கள். விரும்பிச் சேர்கிற திட்டங்களுக்கு மட்டும்தான் இனி கணக்கு என்று விழா நடத்துகிறவர்கள் நடுவிலேயே விதியை மாற்றினார்கள். கெர்னலின் வளர்ச்சி வழிகாட்டியும் புதியவர்களிடம் இதைச் சொல்கிறது: எழுத்துப் பிழைத் திருத்தங்கள் பலருக்கு இரைச்சலாகத்தான் படுகின்றன என்று. பையனைத் திட்ட வாய் வரவில்லை. என் பெயர் பதிவேட்டில் ஏறியதா என்று நான் எத்தனை தடவை போய்ப் பார்த்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். (கணினி அறிஞர் டொனால்ட் குனுத் தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடிப்பவர்களுக்கு 2.56 டாலருக்குக் காசோலை அனுப்பிவந்தார். அதை மாற்றாமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். டீசர்ட்தானே அதுவும்.)

எனக்கு இன்னொரு அடியும் விழுந்தது. ஒரு கையேட்டில் 'யுமவுண்ட்' என்று இருந்ததைப் பார்த்து, 'என்' எழுத்து விட்டுப்போயிருக்கிறதே என்று 'அன்மவுண்ட்' ஆக்கி அனுப்பிவிட்டேன். அரைகுறைப் படிப்பு. யுனிக்ஸில் அந்தக் கட்டளையின் பெயரே அதுதான். "அந்த 'என்' எழுபதுகளிலிருந்தே காணோம், தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று பதில் வந்தது. நான் சிரித்ததைவிட அதிகம் வெட்கப்பட்டேன். கோப்பை உருவாக்கும் 'கிரியேட்' அழைப்பிலும் கடைசி 'இ' கிடையாது. யுனிக்ஸை மறுபடி வடிவமைத்தால் என்ன மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அந்த 'இ'யைச் சேர்ப்பேன் என்றாராம் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன். ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்களுக்கு இந்த ஆபத்து நன்றாகத் தெரியும். ஒன்றும் தெரியாமல் பார்த்து எழுதியவன் செய்த பிழையைக் கண்டுபிடித்துவிடலாம். கொஞ்சம் படித்தவன் 'திருத்தி' எழுதிய இடத்தில்தான் மூலம் தொலைகிறது. உ.வே.சா. தாம் ஒன்றைக் கொண்டாலும் மற்றப் பாடங்களை அடிக்குறிப்பில் விட்டுவைத்தார்.

தவறு என்று எல்லோருக்கும் தெரிந்தும் தொட முடியாதவை உண்டு. ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, எங்கிருந்து வந்தோம் என்பதைப் பிரவுசர் ஒரு தலைப்புவரியில் சொல்லும். அதன் பெயர் 'ரெஃபரர்'. ஆங்கிலத்தில் நடுவில் இரண்டு 'ஆர்' வேண்டும். 1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்தில் ஒன்றுதான் இருந்தது. அதற்குள் சர்வர்களும் பிரவுசர்களும் அந்தப் பிழையையே பேசப் பழகியிருந்தன. திருத்தினால் ஒருவருக்கொருவர் புரியாமல் போகும். விட்டுவிட்டார்கள். பல வருஷம் கழித்து, இந்தத் தகவலை எவ்வளவு சொல்லலாம் என்று கட்டுப்படுத்த இன்னொரு தலைப்புவரி வந்தது. அதில் இரண்டு 'ஆர்' ஒழுங்காக இருக்கிறது. இன்று உங்கள் போன் ஒரு தளத்தோடு பேசும்போது, கேள்வியில் பிழையான சொல்லும் பதிலில் சரியான சொல்லும் போய்வருகின்றன. இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

இதைப் படித்த அன்றைக்கு எனக்கு நினைவு வந்தது மல்லித்தழை.

கல்லூரியில் சேர்ந்த வருஷம். அம்மா கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பாள். கோடு போட்ட நோட்டில் கிழித்த அரைத் தாள். துவரம்பருப்பு அரைக் கிலோ, புளி கால், கடைசியில் எப்போதும் 'மல்லித்தலை 1 கட்டு'. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு மல்லியைத்தான் கொடுப்பார், ஒருநாளும் குழம்பியதில்லை. நான் சிவப்புப் பேனாவால் 'தலை'யை அடித்து, மேலே 'தழை' என்று எழுதி, அம்மாவிடமே நீட்டினேன். அக்காவும் பக்கத்தில் இருந்தாள். அம்மா வாங்கிப் பார்த்தாள். "அப்படியா?" என்றாள்.

அடுத்த வாரம் சீட்டு இல்லை. "நான் சொல்றேன், நீயே எழுதிக்கோ" என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு பிழை இல்லாமல் எழுதினேன்.

இப்போது அம்மாவிடம் போன் இருக்கிறது. தமிழில் தட்டவும் பழகிவிட்டாள். போன மாதம் அக்கா தன் வாட்சப்பைக் காட்டினாள். நீள நீளமாக, எதிர்வீட்டுச் சண்டை, மழை, முட்டி வலி, நடுவில் 'மல்லித்தலை கட்டு இருவது ரூவா சொல்லுதான்'. எனக்கு வருவதெல்லாம் குரல்பதிவுதான்.