பக்கத்துக் கடைச் சாவி

கண்ணேறு பட்டது, கரிநாக்குப் பட்டது என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். அதெல்லாம் பிறர் கண், பிறர் நாக்கு. தம்முடைய கண்ணைப் பற்றிப் பேசியவரை இந்தக் கடைத்தெருவில் நான் பார்த்ததில்லை. ஆகையால் இந்தத் தடவை என் கண்ணைப் பற்றி நானே எழுதத் துணிந்தேன்.

சென்ற மாதம் என் மகள் ஒரு படம் போட்டுக் காட்டினாள். 'மதர்ஸ் இன்ஸ்டிங்க்ட்' என்று பெயர், 2024ல் வந்தது. 2018ல் பெல்ஜியத்தில் எடுத்த படத்தைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். அடுத்தடுத்து இரண்டு வீடு. உயிர்ச் சிநேகிதிகளான இரண்டு தாய்மார். ஆளுக்கு ஒரே மகன். ஒருத்தியின் பிள்ளை மாடியிலிருந்து விழுந்து இறந்துவிடுகிறான். அதற்குப் பிறகு மற்றவளுடைய பிள்ளை உயிரோடு நடமாடுவதே இரண்டு வீட்டுக்கும் நடுவில் நஞ்சாகிப் போகிறது. "அடுத்த வீட்டுக்காரியிடம் இப்படியும் இருக்குமா, வாப்பா?" என்று மகள் கேட்டாள். படம்தானே என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் ஹஸதைப் பற்றி ஒரு தனிப் பாகமே எழுதியிருக்கிறார்கள். ஆலிமுக்கு ஆலிம்மேல்தான் பொறாமை வரும், வியாபாரிக்கு வியாபாரிமேல்தான் வரும், செருப்புத் தைப்பவனுக்குச் செருப்புத் தைப்பவன்மேல்தான் வருமே தவிரத் துணிக்கடைக்காரன்மேல் வராது என்பது அவர்கள் கருத்து. யோசித்துப் பாருங்கள். ஊருக்குப் பெரிய கோடீசுவரன் இன்னொரு மாளிகை கட்டினால் நமக்கு ஒன்றும் செய்வதில்லை. பக்கத்துக் கடைக்காரன் பெயர்ப்பலகை மாற்றினால் போதும், மத்தியானச் சோறு இறங்காது.

செருப்புத் தைப்பவர் என்றதும் ஜெர்மனியில் நடந்த ஒன்று ஞாபகம் வருகிறது. ஹெர்ட்சோகனௌராக் என்று ஒரு சிற்றூர். அடோல்ஃப் டாஸ்லர், ருடோல்ஃப் டாஸ்லர் என்று அண்ணன் தம்பி இருவர் 1924 முதல் ஒரே கம்பெனியாகக் காலணி செய்தார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் ஓடியது அவர்கள் காலணியில். 1948ல் பிரிந்தார்கள். தம்பி தொடங்கியது அடிடாஸ், அண்ணன் தொடங்கியது பூமா. பிரிவுக்குக் காரணம் ஆளுக்கொன்றாய்ச் சொல்லுவார்கள். ஊரே இரண்டாகி, எதிரில் வருகிறவன் முகத்தைப் பார்க்குமுன் அவன் காலைப் பார்ப்பார்களாம். அண்ணன் 1974ல் போனார், தம்பி 1978ல் போனார். கபுறும் ஒரே மையவாடியில் எதிரெதிர் மூலையில். இரண்டு கம்பெனித் தொழிலாளரும் 2009ல் கூடிப் பந்தாடினார்கள். அதற்குள் அறுபது வருஷம் கழிந்துவிட்டது.

ஆனால் இது வெளியே தெரிந்த பகை. வெளியே தெரியாததற்கு என்ன செய்வது? நினைக்காமலே நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறதே, அதற்கும் நாம் பொறுப்பா? முஃமினுக்கும் பொறாமை வருமா என்று ஹஸன் பஸரீ அவர்களிடம் கேட்கப்பட்டதாம். யஃகூப் நபியின் பிள்ளைகளை மறந்துவிட்டாயா என்று திருப்பிக் கேட்டுவிட்டு, கையும் நாவும் வரம்பு மீறாதவரை அது உனக்குக் கேடு செய்யாது என்ற கருத்தில் பதில் சொன்னார்களாம். இந்தப் பதிலை ஓதுகிற காலத்தில் கேட்டபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பிற்பாடு அப்படி இல்லை. ஏன் என்று சொல்லுகிறேன்.

என் பக்கத்துக் கடைக்காரர் என்னிடம் மூன்று வருஷம் நின்று தொழில் பழகியவர். அவர் தனிக்கடை போட்டபோது மொத்த வியாபாரியிடம் ஜாமீன் நின்றவன் நான். அவருக்கு நான் காக்கா, எனக்கு அவர் தம்பி. நாசி கண்டார் கடைகளுக்கு அரிசி போடும் வாடிக்கை கொஞ்சம் கொஞ்சமாக என்னை விட்டு அவரிடம் போயிற்று. அவர் பறிக்கவில்லை, விலையும் நயம், கையும் சுறுசுறுப்பு. நானும் சிரித்த முகத்தோடுதான் இருந்தேன்.

2017 நவம்பர் 4ந் தேதி இரவை நம் சுங்கை பினாங்கில் யார் மறப்பார்கள்? பேய்க்காற்றும் மழையுமாய் ஆறு கரை மீறிவிட்டது. தம்பி தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். "பாத்துக்கிடுங்க காக்கா" என்று சாவியை என்னிடம்தான் கொடுத்திருந்தார். அஞ்சடிக்குத் தண்ணீர் ஏறியதும் நானும் கடைப் பையனும் என் சரக்கை மாடிப்படிக்கு ஏற்றினோம். அதில் குற்றமில்லை. ஏற்றி முடித்தபின் நான் படியில் உட்கார்ந்தேன். கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வீட்டில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்கள். "தம்பி கடையிலயும் தண்ணி போயிருக்குமே" என்றார்கள். ஒரு வாய் குடித்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

அந்தத் தேத்தண்ணியை இருபது நிமிஷம் குடித்தேன். சூடாக இருந்தது என்று சொல்ல முடியாது. சாவி எதிரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சரக்கு எனக்கு வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை; அவருக்கு இல்லாமல் போகட்டுமே என்றுகூட வார்த்தையாய் நினைக்கவில்லை. இந்த மாதம் இரண்டு பேரும் சமம் என்று ஒரு நிம்மதி மட்டும் வந்தது. அதற்குத்தான் ஹஸது என்று பெயர்.

பிறகு எழுந்து போனேன். முழங்கால் தண்ணீரில் விடியும்வரை மூட்டை தூக்கினோம். அடிவரிசையில் பதினான்கு மூட்டை அரிசி ஊறிப் போயிருந்தது.

தம்பி திரும்பி வந்து என்னைக் கட்டிப் பிடித்து அழுதார். "தண்ணி ஏறுனதும் ஓடிப்போய்ட்டேன் தம்பி" என்றேன். கை வரம்பு மீறியதா, வெறுமனே தாமதித்ததா என்று வாதாடலாம். நாவு மீறியதில் வாதமே இல்லை. காக்கா இல்லாவிட்டால் என் கடை இல்லை என்று பள்ளிவாசல் முற்றத்தில் அவர் பத்துப்பேர் முன்னிலையில் சொன்னபோது, நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

பதினான்கு மூட்டை விலையை வேறு கணக்கோடு சேர்த்து அவருக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டேன். அது சுலபம். உண்மையைச் சொல்ல மூன்று தடவை வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். சொன்னால் என் பாரம் இறங்கும், அது அவர் தலையில் ஏறும். என் நிம்மதிக்காக அவருடைய காக்காவைப் பறிப்பதா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். இது நல்ல வாதம். ஆனால் அந்த வாதத்தால் லாபம் அடைந்தவனும் நான்தான் என்பதால் அதன்மேல் எனக்குச் சந்தேகம். யாரைக் கட்டிப் பிடிக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்றே இப்போது படுகிறது.

இந்த இதழ் தம்பி கடைக்கும் வருகிறது. ஜும்ஆ முடிந்து வந்ததும் கல்லாவில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிப்பார். சென்ற வருஷம் இரண்டாவது கடை திறந்தபோது அதன் சாவியையும் என்னிடம் கொடுத்தார். இரண்டும் அதே ஆணியில்தான் தொங்குகின்றன.